வாழைநார் அவிழ்த்தவள்

வானம் பொய்த்த ஐம்பத்திரண்டில், திருப்பத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த கூட்டத்தோடு சின்னத்தாயியும் அவள் புருஷன் முனிகிருஷ்ணனும் பெங்களூர் வந்து சேர்ந்தார்கள். லிங்கராஜபுரத்தில் கோவிந்தப்பாவின் காய்கறித் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அவன் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தான். அவள் களை பறித்தாள். தங்குவதற்குக் கொட்டகையில் பாதி, மறுபாதி மாடுகளுக்கு. மழை வந்தால் எந்தப் பாதி அதிகம் ஒழுகியது என்பதை மாடுகளைத்தான் கேட்க வேண்டும்.

வேலை போனால் கொட்டகையும் போய்விடும். சின்னத்தாயிக்கோ நிறைமாதம். பிள்ளை பிறக்கும்வரை தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தால் போதும் என்றிருந்தாள்.

அந்தத் தோட்டத்தின் பெருமையே பூக்கோசுதான். பூ திரளும்போது இலைகளைச் சேர்த்து வாழைநாரால் கட்டிவிடுவார்கள். வெயில் படாவிட்டால்தான் பூ வெள்ளையாக இருக்கும். பத்து வருஷமாகக் கட்டுவது சந்திரம்மா. கொட்டகையின் ஒரு மூலையில் அவளும் குடியிருந்தாள்.

மானாவாரிக் காட்டில் வளர்ந்தவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? சந்திரம்மா ஆனேக்கல்லில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த சமயம், சின்னத்தாயி ஒரு கட்டைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே வெளிறிக் கிடந்தது. சட்டி கவிழ்த்து மூடிய பூசணிக்கன்று அப்படித்தான் வெளிறும். ஐயோ, வெயிலில்லாமல் செடி சாகிறதே என்று பதறி, வயிற்றைத் தூக்கிக்கொண்டு நாலு பாத்தியையும் அவிழ்த்துவிட்டாள். இவ்வளவு அக்கறையாக யாரும் ஒரு தோட்டத்தைக் கெடுத்ததில்லை.

சந்திரம்மா திரும்பி வந்த அன்று பூவெல்லாம் மஞ்சளடித்திருந்தது. கோவிந்தப்பா பாத்தி ஓரம் நின்று எல்லோரையும் கூப்பிட்டார்.

"யாரு அவுத்தது? சொல்லிட்டு மூட்டையக் கட்டுங்க."

சின்னத்தாயி வாயெடுத்தாள். சந்திரம்மா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"என் தப்பு யஜமானரே. ஊருக்குப் போற அவசரத்துல நார ஊறவெக்காம கட்டிட்டேன். காஞ்சு அவுந்துபோச்சு."

கோவிந்தப்பா கீழே கிடந்த நாரை எடுத்துப் பார்த்தார். எங்கும் அறவில்லை, முடிச்சு பக்குவமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சந்திரம்மாவைப் பார்த்தார். சின்னத்தாயியின் வயிற்றைப் பார்த்தார். மனுஷனுக்குப் புரிந்துவிட்டது.

"ஆயித்து, விடு. இனிமே நல்லா ஊறவெச்சுக் கட்டு. இது கண்டோன்மெண்ட் மார்க்கெட்டுக்கு ஆவாது, நீங்களே ஆக்கித் தின்னுங்க."

அந்தக் கூரையின் கீழேயே சின்னத்தாயிக்குப் பெண் பிறந்தது. பிறகு ஜீவனஹள்ளியில் சொந்தமாக ஒரு குடிசை போட்ட பின்னும், சந்திரம்மாவையும் கோவிந்தப்பாவையும் நினைக்காமல் அவள் விளக்கேற்றியதில்லை. ஆனால் அவள் வாய் ஓயாமல் சொன்னது அன்றைய சாயங்காலத்தைப் பற்றி.

மூன்று கல் அடுப்பில், வெங்காயமும் மிளகாயும் போட்டு அந்த மஞ்சள் பூவை வதக்கினார்கள். சின்னத்தாயிக்கு அழுகை நிற்கவில்லை.

"எனக்காக நீ ஏன்க்கா பழி ஏத்துக்கின?"

சந்திரம்மா ஒரு துண்டை வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்றாள்.

"பேசாம தின்னுடி. பத்து வருஷமா கட்டுறேன். இது எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது."