எள்ளுக்கொல்லையில் விழுந்த விமானம்

எங்கள் பகுதியில் கையில் வரைபடமும் அளவு டேப்புமாக நடப்பவன் ஒன்று சர்வேயர், இல்லாவிட்டால் புரோக்கர். மூன்றாவது ரகமும் உண்டு என்று நிரூபிக்க என் வார விடுமுறைகளையெல்லாம் தாரை வார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை.

நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதகன். அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம். பழைய விமானங்களைப் பற்றி இணையத்தில் எதையாவது கிறுக்குவேன். அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்திலிருந்து அந்த அம்மாள் எழுதினார். உலகப்போரின்போது அவருடைய அப்பா ஓட்டிவந்த குண்டுவீச்சு விமானம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கோ விழுந்து எரிந்தது. கல்லறை எங்கே என்று அவருக்குத் தெரியும்; விழுந்த இடம் தெரியாது. அப்பா இறந்த பிறகு பிறந்தவர். கண்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, முழுதும் போவதற்குள் அந்த இடத்தைப் படத்திலாவது பார்க்கவேண்டும் என்றார்.

எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதிய பழைய அடங்கல் கட்டுகளைத் தாலுகா ஆபீஸில் கேட்டேன்.

"இன்னா சார், பட்டா பிரச்சனையா?" என்றார் எழுத்தர்.

விமானம் என்றேன்.

"ஏர்போர்ட்டு பரந்தூர் பக்கம் சார், இங்க இல்ல" என்று அன்போடு வழிகாட்டினார்.

பல மாதம் தூசி தின்ற பிறகு, அந்தக் காலத்துக் கிராமக் கணக்குப்பிள்ளை, கர்ணம் ஒருவர் எழுதிய வரி கிடைத்தது. ஆகாய விமானம் விழுந்து எரிந்ததில் எள் கருகிவிட்டது, நிலத்தீர்வையைத் தள்ளுபடி செய்யலாம். அவ்வளவுதான். செத்தவர்களைப் பற்றி மூச்சில்லை. மனிதர்களுக்குத் தீர்வை கிடையாதல்லவா! ஆனாலும் புண்ணியவான் சர்வே எண்ணை எழுதியிருந்தார்.

பழைய கிராம வரைபடத்தை இன்றைய வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தேன். எள்ளுக்கொல்லை இருந்த இடம் இப்போது வல்லம் வடகாலில் ஒரு தொழிற்சாலையின் பைக் ஸ்டாண்டு. அளக்கப் போனால் ஊர்க்காரர் ஒருவர் பின்னாலேயே வந்தார்.

"ஏக்கர் இன்னா ரேட்டு போவுது சார்? நம்மகிட்டயும் கொஞ்சம் கீது."

வாசலில் இருந்த காவலாளி தென்காசிப் பக்கத்துக்காரர். "உள்ள போட்டோ எடுக்கக் கூடாதுண்ணே. வெளிய நின்னு எவ்வளவு நேரம் வேணாலும் பாத்துக்கிடுங்க" என்று பெரிய மனது பண்ணினார். பார்த்தேன். வரிசையாகப் பைக்குகள். இதையா அந்த அம்மாளுக்குக் காட்டுவது என்று எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன.

எதிர் டீக்கடையில், எங்கள் மனையை மேடாக்க மண் அடித்துத் தந்த லாரிக்காரர் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"அது அந்த மண்ணே இல்ல சார். மேல்மண்ண வழிச்சிட்டுதான் வேற எடத்து சவுடு மண்ணு கொட்னாங்க. வழிச்சத நான்தான் லோடு அடிச்சேன்."

"எங்க?"

"உங்க நகருக்குத்தான். மண்ணுல தகரம் தகரமா வருதுன்னு உங்க வூட்டம்மா அன்னிக்கு அந்தத் திட்டு திட்னாங்களே!"

அன்று நான் ஷிப்டில் இருந்ததால் அந்தத் திட்டு என் காதுக்கு வரவில்லை.

வீட்டின் பின்புறம் தண்ணீர் டிரம். அதை மூடி ஒரு வளைந்த அலுமினியத் தகடு. காற்றில் பறக்காமலிருக்க மேலே நானே வைத்த செங்கல். தினமும் அதன் பக்கத்தில் நின்றுதான் பல் தேய்க்கிறேன். ஓரத்தில் ரிவெட் ஆணிகள் ஒரே சீராக ஓடுவது ஒருநாளும் என் கண்ணில் படவில்லை. தரப் பரிசோதகனாம்!

"நல்லதா ஒண்ணு எடுத்து வெச்சேன். மத்தத காயலான் கடைல போட்டுட்டேன்" என்றாள் மனைவி.

உள்பக்கம் பொறித்திருந்த எண்ணைப் படமெடுத்து அனுப்பினேன். விவரம் தெரிந்தவர்களிடம் காட்டிவிட்டு அந்த அம்மாளின் மகன் எழுதினார்: அதே விமானம்தான். ஆனால் அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது.

அது தெரிந்தும், வீடியோ அழைப்பில் தகட்டை அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தேன். என் புத்தி எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும். அந்த அம்மாள் மெல்லக் கேட்டார்: "அதைக் கொஞ்சம் தட்டுகிறீர்களா?"

விரல் முட்டியால் தட்டினேன். "இன்னொரு முறை" என்றார். இன்னொரு முறை தட்டியதோடு என் கை நின்றுவிட்டது. ஆங்கிலம் தெரியாத என் மனைவி தகட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். அந்த அம்மாள் போதும் என்று சொல்லவே இல்லை.