பவானேஸ்வரி ஆள் அனுப்பாத மூன்று வீடுகள்

மலாக்காவில், பாச்சாங் பக்கம் யாரையாவது பக்கவாதத்தோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினால், குடும்பத்தார் முதலில் கட்டில் வாங்குவார்கள். அடுத்து பவானேஸ்வரிக்குப் போன் போடுவார்கள். "அக்கா, பாத்துக்க ஆளு இருக்கா?" என்று கேட்பார்கள். இருபது வருடத்துக்கு மேலாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அவர் தொழில். பெயர்ப்பலகை கிடையாது, ஆபீஸ் கிடையாது. இரண்டு கைப்பேசிகளும் நல்ல ஞாபகசக்தியும் மட்டும்தான்.

அவர் பிறந்தது ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில். பதினெட்டு வயதில் மலாக்காவுக்கு வந்து எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்ந்தார். ஃபேக்டரி ஆட்குறைப்பு செய்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, கணவரும் இல்லை, ஒரே மகன் பள்ளிக்கூடத்தில். நோயாளிகளைப் பராமரிக்கும் பயிற்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாக வேலைக்குப் போனார். சில வருடம் கழித்து முதுகுவலி என்று சொல்லி அதை நிறுத்திவிட்டு, மற்ற பெண்களை அனுப்ப ஆரம்பித்தார். அப்படி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. பதினோரு வருடம் அவர் கைகாட்டிய வீடுகளில் வேலை செய்தேன்.

ஒரு வீட்டுக்கு ஆள் அனுப்புவதற்கு முன் அவரே போவார். நோயாளியின் தலையணையை முகர்ந்து பார்ப்பார். கழிவறையைப் பயன்படுத்தக் கேட்பார். ஆள் தங்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கதவைச் சாத்திப் பார்ப்பார். முதல் நாள் அந்தப் பெண்ணோடு கூடவே போய், மத்தியானச் சாப்பாடு வரை உட்கார்ந்திருப்பார். வந்தவளுக்கு எந்தத் தட்டில், எந்த நேரத்தில், என்ன போடுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

சில வீடுகளுக்கு அவர் ஆள் அனுப்பவே மாட்டார். அவர்கள் எத்தனை முறை கூப்பிட்டாலும், "இப்ப ஆளு இல்லம்மா" என்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. காரணத்தைச் சொன்னால் அந்த வீட்டில் முன்பு வேலை பார்த்தவள் யார் என்று தேடுவார்கள். அவள் பெயர்தான் ஊரில் அடிபடும். அதனால் எங்களுக்குள் யாரும் வாய் திறப்பதில்லை.

கண்ணில் புரை எடுத்துக்கொண்டு அவர் ஆறு வாரம் படுத்திருந்தபோது, அந்த இரண்டு கைப்பேசிகளும் என்னிடம் இருந்தன. எல்லா வீடுகளும் எனக்குத் தெரிய வந்தது அப்படித்தான்.

அறுபத்து மூன்று வயதில் நான் வேறு வேலைக்கு மாறினேன். பராமரிப்பாளர்களைச் செயலி மூலம் வீடுகளுக்கு அனுப்பும் புதுக் கம்பெனி ஒன்று கோலாலம்பூரில் தொடங்கியிருந்தது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு நோயாளியைப் புரட்டவும் குளிப்பாட்டவும் கற்றுத்தர என்னை எடுத்தார்கள். மலாக்காவுக்கு அந்தச் செயலி அப்போது இன்னும் வரவில்லை. அதற்கு முன், நிர்வாகிகளுக்கான இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்கு எங்களில் ஆறு பேரை அனுப்பினார்கள். ஆற்றோரத்து ஹோட்டலில் நடந்தது. புதுத் தொழில்நுட்பக் கம்பெனிகள் பழைய தொழில்களை எப்படிப் புரட்டிப் போடுகின்றன என்பது பாடம். டாக்சி என்ன ஆயிற்று, தங்கும் விடுதி என்ன ஆயிற்று, பத்திரிகை என்ன ஆயிற்று என்று திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். மற்றவர்கள் எல்லாம் முப்பது வயதுக்காரர்கள். எனக்குக் குளிரூட்டியில் கால் விறைத்துப் போனது.

இரண்டாம் நாள் காலை ஒரு பயிற்சி கொடுத்தார்கள். உங்கள் தொழிலில் நடுவில் நிற்பவர் யார், அவருக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் என்னென்ன, மஞ்சள் தாளில் எழுதிப் பலகையில் ஒட்டுங்கள் என்றார் ஆசிரியர். சின்னவர்கள் இரண்டு மூன்று தாள் ஒட்டினார்கள். நான் இருபத்து மூன்று ஒட்டினேன். எந்த மாதத்தில் அதிகமாகக் கூப்பிடுவார்கள், எந்த நோய்க்கு எத்தனை மாதம் ஆள் தேவைப்படும், எந்தத் தாமான் குடியிருப்பில் எத்தனை படுக்கை நோயாளிகள் என்று பவானேஸ்வரியின் தலைக்குள் இருந்தது பலகைக்கு வந்தது. கை தட்டினார்கள். ஆசிரியர் என் தாள்களைப் படம் எடுத்துக்கொண்டார். அக்காவைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசினேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

தேநீர் நேரத்தில் நிவேந்திரன் தன் கணினியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மலாக்கா கிளைக்கு அவன்தான் பொறுப்பு. நல்ல பிள்ளை, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைப் பேசுவான்.

"ஆண்ட்டி, இந்த வீடுங்க அட்ரஸ் எல்லாம் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எந்த வீடு எத்தனை முறை கேட்டது, யார் போனார்கள் என்பதோடு சொன்னேன், அவன் தட்டினான். நாற்பதுக்கு மேல் போனது.

"இந்த மூணு வீடு மட்டும் ஏன் ஆண்ட்டி? திரும்பத் திரும்ப கேட்டிருக்காங்க, ஒரு ஆளும் போகலயே."

"அக்கா அனுப்ப மாட்டாங்க."

"அதான் ஏன்?"

"தெரியல."

காரணம் எனக்குத் தெரியாதுதான். ஆனால் எந்த மாதிரிக் காரணமாக இருக்கும் என்று தெரியும். டை கட்டிய பையனிடம், கரிப்பாப்புப் பலகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

"அலாமாக், கஸ்டமர் ரெடியா நிக்கிறாங்க, ஆளுதான் இல்ல. இங்கதான் மொதல்ல போகணும் லா," என்றான் அவன்.

மூன்று மாதத்தில் செயலி மலாக்காவுக்கு வந்தது. சம்பளம் வாரா வாரம், சொக்சோ காப்புறுதி உண்டு, சீருடை உண்டு. பவானேஸ்வரியின் பெண்கள் ஒவ்வொருத்தியாக மாறினார்கள். அவர் யாரையும் தடுக்கவில்லை. "நல்லதுதான, போங்கடி" என்றார். அவரிடம் நான்கு வீடுகள் மிஞ்சின.

மலர்விழி என் வகுப்பில் படித்தவள். ரெம்பியாக்காரி, இருபத்தொன்பது வயது. அந்த மூன்று வீடுகளில் ஒன்றுக்குத்தான் கம்பெனி அவளை அனுப்பியது. பக்கவாதத்தில் படுத்த கிழவர், அவருடைய நாற்பத்தேழு வயது மகன், வேறு யாரும் இல்லை. மூன்றாம் இரவு அந்த மகன் அவள் அறைக் கதவைத் தள்ளினான். தாழ்ப்பாள் இல்லை. நோயாளியின் சக்கர நாற்காலியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். காலையில் அவள் கம்பெனிக்கும் போன் போடவில்லை, எனக்கும் போடவில்லை. அவள் அம்மா ஒரு காலத்தில் பவானேஸ்வரி மூலம் வேலை பார்த்தவர். அம்மாவுக்குத்தான் போட்டாள், அம்மா பவானேஸ்வரியைக் கூப்பிட்டார்.

அறுபத்தெட்டு வயதில் பவானேஸ்வரி டாக்சி பிடித்துப் போய் அந்த வீட்டு கேட்டில் நின்று, மலர்விழியைப் பையோடு வெளியே கூட்டி வந்தார். நேரே என் வீட்டுக்கு வந்தார்கள். அவளுக்கு ரொட்டியும் கோப்பியும் வைத்தேன்.

"திலகா, இந்த வீட்டு அட்ரஸ ஒங்க கம்பெனிக்கு யாரு குடுத்தது?"

"நான்தான்க்கா."

"நான் அங்க ஆளு அனுப்பறதில்லன்னு தெரியாதா?"

"தெரியும். ஏன்னுதான் தெரியாது."

"அப்ப தெரியும்." கோப்பியை ஒரு வாய் குடித்தார். "ஹோட்டல்ல உக்காந்து ரெண்டு நாளு படிச்சியே, இதத்தான் படிச்சியா?"

மலர்விழிக்கு இன்னொரு ரொட்டி வைத்தேன்.

அன்று மத்தியானமே நிவேந்திரனைப் போய்ப் பார்த்தேன். அதற்குள் அந்த வீடு திங்கட்கிழமைக்கு வேறு ஆள் கேட்டுப் பதிந்திருந்தது. செயலியும் இன்னொரு பெண்ணை ஒதுக்கிவிட்டது. அவன் முகம் செத்துப் போனது.

"ஆண்ட்டி, நான் நம்புறேன். இந்தப் பொண்ண மாத்திடறேன். ஆனா வீட்ட மூடலன்னா சிஸ்டம் வேற ஆள போட்டுட்டே இருக்கும். மூடணும்னா மேலிடம் கம்ப்ளெய்ண்ட் கேக்கும். பேரு, தேதி, என்னா நடந்துச்சு. பேர் இல்லாம முடியாது."

மலர்விழி பெயர் தர மறுத்தாள். அந்த மாதம் அவளுக்குப் பரிசம் போடுவதாக இருந்தது. போலீசுக்கும் வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வற்புறுத்தும் தகுதி எனக்கு இல்லை. அன்று வெள்ளிக்கிழமை. பவானேஸ்வரியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"பேரு இருந்தா போதுமா?"

"போதும்னு சொல்றான்."

"என் பேரப் போடு."

"அக்கா, சும்மா பேர் மட்டும் போட முடியாது. தேதி கேக்குது, நடந்தத கேக்குது."

"சொல்றேன், எழுது. ரெண்டாயிரத்து மூணு, தீபாவளிக்கு முந்துன வாரம். அப்ப அவனோட அம்மா படுத்துருந்தாங்க. அவனுக்கு இருவத்தஞ்சு வயசு."

நான் தட்டிய விரலை எடுத்தேன். இத்தனை வருடமாக முதுகுவலி என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"என்னா பாக்குற? தட்டு."

அவர் சொல்லச் சொல்ல முழுவதையும் தட்டினேன். அழாமல், நிறுத்தாமல், யாரோ ஒருத்தியின் மருந்துச் சீட்டைப் படிப்பது போலச் சொன்னார். கடைசியில், "ஒம் பேரும் போடு. அட்ரஸ் குடுத்தது நீன்னு" என்றார். போட்டேன்.

சனிக்கிழமை அந்த வீட்டைச் செயலியிலிருந்து எடுத்துவிட்டார்கள். புகார் கொடுத்தவர் பெயர் எப்படியோ அந்த வீட்டு மகன் காதுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை அவன் பவானேஸ்வரியின் கேட்டுக்கு முன்னால் நின்று கத்தினான். எதிர் வரிசை வரைக்கும் கேட்டது. இத்தனை வருடம் அவர் யாருக்கும் சொல்லாத விஷயம் ஒரே நாளில் பாசார் கடைத்தெரு வரைக்கும் போனது. ஜொகூரிலிருந்து மகன் கூப்பிட்டு, "இப்ப ஏம்மா இதெல்லாம்?" என்று கேட்டானாம். போனைக் கட்டிலில் போட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டதாகச் சொன்னார். மிச்சமிருந்த நான்கு வீடுகளில் ஒன்று, பேச்சு அடங்கட்டும் என்று நின்றுவிட்டது. நான் செய்ததைத் திருத்த அவர் கொடுத்த விலை அது. நான் கொடுத்தது ஒன்றுமில்லை. கம்பெனி என்னிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் கொடுத்தது, அவ்வளவுதான்.

மற்ற இரண்டு வீடுகளில் ஒன்றில் நோயாளி இறந்துவிட்டார். மிச்சம் ஒன்று. அங்கே என்ன நடந்தது, யாருக்கு நடந்தது என்று பவானேஸ்வரியிடம் கேட்டேன்.

"அது என் கதையில்ல. என் வாயிலேருந்து வராது."

"அப்ப எப்படிக்கா அந்த வீட்ட மூடறது?"

"நீதான குடுத்த, நீ யோசி."

யோசித்தேன். கம்பெனியில் கற்றுத்தரும் வேலையை விட்டுவிட்டு, பராமரிப்பாளராகப் பதிந்துகொண்டேன். நிவேந்திரனிடம், அந்த வீடு எப்போது கேட்டாலும் என்னைத்தான் போட வேண்டும் என்றேன்.

"ஆண்ட்டி, ஒங்களுக்கு அறுவத்தி நாலு வயசு. தூக்கிப் புரட்டணும்."

"நாந்தான்டா எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்."

ஐந்து மாதமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். எண்பத்தொரு வயதுப் பாட்டி, இடது குதிகாலில் படுக்கைப்புண். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுகிறேன், புண் ஆறி வருகிறது. வீட்டில் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள். என்னிடம் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், என்னைப் போன்ற கிழவிக்கு அது கிடைத்துவிடும். அதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

போன வாரம் பவானேஸ்வரி கேட்டார்.

"எத்தன நாளைக்கு இப்படிப் போவ?"

"அந்தப் பாட்டி இருக்குற வரைக்கும்."

"அதுக்கு முந்தி ஒன் முட்டி போயிடும்."

"போனா வேற யோசிக்கிறேன்."

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூட்டுக்குத் தடவும் தைலம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, கேட் வரைக்கும் வந்து பூட்டிக்கொண்டு உள்ளே போனார்.