மாங்காய்க்காரனுக்கு ஏது கடல்

போன வருஷம் எங்கள் தோப்புகளில் பூ நிற்கவில்லை. அதனால்தான் கடலுக்குப் போகலாம் என்ற பேச்சே உருப்படியாக வந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. அவர்களுக்குக் கோடை என்றால் பள்ளிக்கூட லீவு, டூர், தண்ணீரில் கிடப்பது. பாலக்காட்டு எல்லையில், கோவிந்தாபுரம் பக்கத்து மலையடிவாரத்தில் எங்களுக்குக் கோடை என்றால் மாங்காய். தை கடைசியில் முதல் காய் இறங்கும். அன்றிலிருந்து வைகாசி பிறக்கும்வரை பெற்ற தாய்க்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆள் அனுப்பித்தான் விசாரிப்போம். காய் ஒழிந்து நிமிரும்போது மழை வந்துவிடும், கடற்கரையில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். கடல் சும்மா இருக்கும் மாதங்களில் நாங்கள் சும்மா இருப்பதில்லை. நாங்கள் சும்மா ஆகும்போது கடல் சும்மா இருப்பதில்லை.

நாங்கள் நான்கு பேர். நான் தோப்பு வைத்திருக்கிறவன். இன்னொருவன் மாங்காய்க்கு அட்டைப்பெட்டி விற்கிற ராவுத்தர், அவனைப் பெட்டிக்காரன் என்போம். மூன்றாமவன் வேன் ஓட்டுகிறவன். நான்காமவன் என் தோப்புக்கு அடுத்த தோப்புக்காரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். அவனை இங்கே அவன் என்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கதையே அவனுடையதுதான்.

கடல் ஆசை முழுக்க அவனுக்குத்தான். ஐம்பத்துமூன்று வயதில் அவன் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. கோழிக்கோட்டுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பஸ் ஜன்னல் வழியாக, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே. "அதெல்லாம் பார்த்த கணக்குல சேராதுடா. இடுப்பு வரைக்கும் எறங்கி நிக்கோணும். அலை வந்து மேல மோதோணும்" என்பான். ஒவ்வொரு பங்குனியிலும் கேட்பான். கடலோரப் பொன்னானி இங்கிருந்து மூன்று மணி நேரம், மிஞ்சினால் நாலு மணி நேரம். எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீர் யாரையும் கேட்காமல் அங்கேதான் போய்ச் சேருகிறது. நான் மட்டும் ஒவ்வொரு பங்குனியிலும் ஒரே பதிலைச் சொன்னேன். "இந்த லோடு முடியட்டும்டா."

பெட்டிக்காரன் அதற்கு, "இன்ஷா அல்லா போவோம்" என்பான்.

"நீ அப்படிச் சொன்னாவே போகமாட்டோம்னுதான அர்த்தம்?" என்று நான் சீண்டுவேன்.

"அல்லா மேல பழியப் போடாதே. உன்ற லோடு மேல போடு" என்பான்.

இப்படியே இருபது வருஷம் ஓடியது. லோடு முடிந்த பாடில்லை.

பிறகு அவனுக்குக் கால் வீங்கியது. தோப்பில் நடந்த வீக்கம் என்று அவனும் சொன்னான், நாங்களும் நம்பினோம். முகம் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம், அதில் காப்பியும் ரசமும் அடக்கம். பாலக்காட்டு வெயிலில் முக்கால் லிட்டர்! மாம்பழம் ஆகவே ஆகாது என்றும் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்டு அவன் சிரித்தான். "முப்பது வருசம் வித்தேன், தின்னதில்ல. இனித் தின்னா என்ன, தின்னாட்டி என்ன" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் பூ ஏமாற்றியது. மார்கழியில் மழை பெய்து, பனி புகைந்து, பூவெல்லாம் கருகிக் கொட்டியது. பூத்ததெல்லாம் காய்க்காது என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் ஒன்றுமே காய்க்காது என்பதை நாங்கள் பார்த்ததில்லை. சித்திரையில் வாழ்க்கையில் முதல் முறையாக நான் பகலில் படுத்துத் தூங்கினேன். எழுந்தபோது செத்துப்போய்விட்டேனோ என்றிருந்தது.

பெட்டிக்காரனின் கிடங்கில் மடிக்காத அட்டைகள் கூரைவரை கிடந்தன. அதன் மேல் உட்கார்ந்துதான் திட்டம் போட்டோம். அவன் கேட்டான்: "இப்பப் போலாமில்ல? இப்ப என்ன சாக்குச் சொல்லுவே?"

நான் கிழமைகளை எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெஷினிலிருந்து இறங்கினால் மறுபடி திங்கள் காலைதான் ஏற வேண்டும். நடுவில் இரண்டு நாள். சனி விடியற்காலை கிளம்பி, ஒரு ராத்திரி தங்கி, ஞாயிறு திரும்பிவிடலாம். நான் டயாலிசிஸ் சென்டரில் இருந்த நர்ஸிடம் போய்க் கேட்டேன். "கடலல்ல சேட்டா பிரஸ்னம், தாகமாணு" என்றாள்; கடல் இல்லை, தாகம்தான் பிரச்சினையாம். அந்த இரண்டு நாள் இடைவெளிதான் வாரத்திலேயே ஆபத்தானது என்று பொறுமையாக விளக்கினாள். உடம்பில் தண்ணீர் சேர்ந்தால் மூச்சு முட்டும். உப்புக்காற்றில் நாக்கு வறளும், கேட்பான், கொடுக்கக் கூடாது. ஊசி போடுகிற இடது கை நனையவே கூடாது. டாக்டரும் இதையே சுருக்கமாகச் சொல்லி, போய்வாருங்கள் என்றார்.

இடது கை நனையாமல் கடலில் எப்படி நிற்பது? என் தோப்புத் தொட்டியில் இறங்கிப் பழகினான். இடுப்பளவு தண்ணீரில், இடது கையைத் தூக்கிக்கொண்டு, கட்சி ஊர்வலத்தில் கோஷம் போடுகிறவன் மாதிரி நின்றான். வேன்காரன் எதிரில் நின்று தகரத்தால் அலை அடித்தான். நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தோப்புக் காவல்காரன் ஓடிவந்து பார்த்தான். அந்த ஒரு மத்தியானத்துக்காக நான் யாருக்கு வேண்டுமானாலும் நன்றி சொல்வேன்.

எல்லாம் தயாரானது. வேன்காரன் நடு சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டான், அவன் படுத்துக்கொண்டே வரலாம் என்று. போனில் ஒரு குரூப் ஆரம்பித்து அதற்குக் 'கடல்' என்று பேர் வைத்தான். கடலில் நிற்க அவன் கோவிந்தாபுரத்துக் கடையில் ஒரு அரை டவுசர் வாங்கினான். நீலத்தில் பெரிய பெரிய மஞ்சள் பூ. அவன் சம்சாரம் இரண்டு பாட்டில்களில் நகச்சாயத்தால் கோடு போட்டு வைத்தாள். காலைக்கு ஒரு கோடு, மத்தியானத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று. "கேட்டா மனசு எளகிக் குடுத்துராதீங்ணா. உங்களை நம்பித்தான் அனுப்பறேன்" என்றாள். குடுக்கமாட்டேன் அம்மிணி என்றேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

என் தோப்பின் கிழக்கு ஓரத்தில் முப்பது மரம் எல்லாம் கருகிய பிறகு, பிந்தி, பின்பூ பூத்திருந்தது. பின்பூ எப்போதும் உதிர்ந்துவிடும் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது காய்த்துவிட்டது. ஊரெங்கும் காய் இல்லாத வருஷம். எப்படியோ மோப்பம் பிடித்து, அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வடக்கத்தி வியாபாரியின் ஆள் போன் செய்தான். நாளைக் காலையில் பறித்து மத்தியானத்துக்குள் கொடுத்தால் எடுத்துக்கொள்வேன், திங்கள் என்றால் வேண்டாம் என்றான்.

ஒரு வார்த்தை, முடியாது என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் அந்தப் போனுக்குக் காத்திருந்து பழகிய வாய், சரிங்க என்றது. நான் யோசிக்கும் முன்பே சொல்லிவிட்டது என்று மற்றவர்களிடம் சொன்னேன். பொய். யோசித்துத்தான் சொன்னேன். கடலை அடுத்த வாரம் பார்க்கலாம், காய் அடுத்த வாரம் இருக்காது என்று நன்றாகவே யோசித்தேன்.

குரூப்பில் அவன் எழுதியிருந்தான்: "நாளைக்கு எத்தனை மணிக்கு?" அதற்கு நாங்கள் யாரும் பதில் போடவில்லை. மற்ற இருவருக்கும் நான் போன் செய்துவிட்டிருந்தேன். பெட்டிக்காரன் என்னைத் திட்டினான். திட்டி முடித்துவிட்டு, எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டான். அந்த வருஷத்தில் அவனுக்கும் அதுதான் முதல் வியாபாரம். வேன்காரன் மெத்தையை எடுத்துவிட்டான். நடு சீட்டு இல்லாத வேன் பெட்டி அடுக்க வாகாக இருந்தது.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். பை வாசலில் இருந்தது, கோடு போட்ட பாட்டில்கள் அதன் மேல் இருந்தன. மெஷினிலிருந்து வந்த அலுப்பில் கட்டிலில் சாய்ந்திருந்தான். என் மூஞ்சியைப் பார்த்ததுமே, "லோடா?" என்றான்.

தலையாட்டினேன்.

"எந்தப் பக்கம்?"

"கெழக்கு ஓரம். பின்பூ."

"அட, நின்னுருச்சா!" என்று எழுந்து உட்கார்ந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. "எத்தனை பெட்டி வரும்?"

"நாப்பது வரும்."

"போயி ஏத்துடா. கடல் எங்க போகப்போகுது? அடுத்த சனி போலாம்" என்றான். அவன் சம்சாரம் பாட்டில்களை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

அந்த நாற்பது பெட்டியால் என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். பாதியைக் கரும்புள்ளி என்று வியாபாரியின் ஆள் கழித்துவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை கள்ளக்கடல் எச்சரிக்கை. நாங்கள் ஆளுக்கு ஒரு தடவை வெளியே வந்து வானத்தைப் பார்த்தோம். துடைத்த மாதிரி இருந்தது. மேகமே இல்லை, என்ன எச்சரிக்கை, வா போகலாம் என்று வேன்காரன் குதித்தான். வானத்தைப் பார்த்து மருந்தடிக்கிறவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடற்கரை ஊரிலிருந்த பெட்டிக்காரனின் மச்சினன்தான் போனில் சொன்னான். வானம் தெளிவாக இருக்கும்போது சொல்லாமல் ஏறுவதால்தான் அதற்குக் கள்ளக்கடல் என்று பெயராம். போலீஸ் கயிறு கட்டியிருக்கிறார்கள், கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள் என்றான். அதற்கடுத்த வாரம் டயாலிசிஸில் அவனுக்கு ரத்தம் குறைந்து இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அதற்கடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது.

ஆவணியில் வெயில் அடித்தபோது, இப்போது போகலாமா என்று நானே கேட்டேன். அதற்குள் வெள்ளிக்கிழமை மெஷினிலிருந்து இறங்கினால் ஞாயிறுவரை எழுந்திருக்க முடியாதவனாக ஆகியிருந்தான். வாசல்வரை வருவதற்கே சுவரைப் பிடித்தான். "கோடையில பாக்கலாம்டா. அப்பத்தான் கடல் சும்மா இருக்கும்" என்றான். கோடைக்கு அவன் எந்த நிலையில் இருப்பான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வண்டியைக் கிளப்பத் தெரியாமல் நின்றேன்.

பூப்போட்ட அரை டவுசரை வீணாக்க மனமில்லாமல் டயாலிசிஸுக்குப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தான். நர்ஸ்கள் கேலி செய்வார்கள். "பொன்னானி பஸ் இன்னும் வல்லீங்க, அதுவரைக்கும் இங்க படுத்திருக்கறேன்" என்பான்.

இப்போது மார்கழி. திங்கட்கிழமை அவனை அழைத்துப்போவது என் முறை. இன்று விடிந்ததும் தோப்புக்குள் போனேன். என் ஆயுசில் இப்படியொரு பூவை நான் பார்த்ததில்லை. இலையே தெரியவில்லை. மரத்துக்கு மரம் தேனீ இரைந்தது. முப்பது நொடி, ஒரு நிமிஷம், நான் வெறும் சந்தோஷமாக நின்றேன். அப்புறம்தான் அவன் நினைவு வந்தது. இந்தப் பூவுக்கு நான் பங்குனியில் எங்கே இருப்பேன், சித்திரையில் எங்கே இருப்பேன் என்பது தெரிந்தது. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது, இருந்தாலும் கிளை கிளையாக நிமிர்ந்து பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

சென்டரில் அவனுக்கு ஊசி ஏற்றி, குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கிய பிறகு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். நீல டவுசரில் அவன் கால்கள் குச்சியாகத் தெரிந்தன.

"பூ எப்படிடா?" என்றான்.

"எங்கடா பூ? போன வருசத்தை விட மோசம். சித்திரையில சும்மாதான் இருப்பேன். கண்டிப்பாப் போயிரலாம்" என்றேன்.

அவன் ஊசி இல்லாத வலது கையை நீட்டி, என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த எதையோ எடுத்தான். ஒரு விரல் நீளம் மாம்பூக் காம்பு. அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெருவிரலால் தடவிப் பிசுபிசுப்பைச் சோதித்தான்.

"நல்ல பூடா. இது நிக்கற பூ" என்றான். "பனி விழுகறதுக்கு முன்ன மருந்தடிச்சிரு."

அவன் அந்தக் காம்பை என் சட்டைப் பையில் போட்டு, பையை ஒரு தட்டுத் தட்டினான்.

"லோடு முடியட்டும்டா" என்றான்.