கண்வலிக்கிழங்கும் ஒரு நீலப் புள்ளியும்

கண்வலிக்கிழங்கை இடி, மெத்தனாலில் ஊறவை, வடிகட்டு, வற்றவை, மறுபடி இடி. என் இருபதுகளின் பின்பாதி இப்படியே போயிற்று. இப்போது நினைத்தாலும் தோள் வலிக்கிறது. கோயமுத்தூர்க் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஃபில்டர் பேப்பருக்கு எப்போதும் பஞ்சம். திருப்பூர்க்காரிக்கு என்ன கவலை? பனியன் கம்பெனி வைத்திருந்த அண்ணன் வெட்டுத்துணியை மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுவார். எங்கள் ஊரில் காப்பி வடிகட்டுவது முதல் சைக்கிள் துடைப்பது வரை எல்லாம் பனியன் துணிதான். நானும் கிழங்குச் சாற்றை அதில்தான் வடித்தேன்.

சிலிக்கா பூசிய கண்ணாடித் தட்டில் சாற்றைப் புள்ளியாக வைத்துக் கரைப்பானில் நிறுத்தினால், உள்ளிருக்கும் பொருள்கள் ஆளுக்கொரு உயரத்தில் பிரிந்து நிற்கும். இந்தக் கிழங்கில் மருந்தாகப் பயன்படும் பேர்போன ஆல்கலாய்டு கோல்சிசின். அதற்குக் கீழே, நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இல்லாத ஒரு புள்ளி, புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தது. ஆல்கலாய்டுக்கான தெளிப்பை அடித்தால் அதில் சரியாக நிறம் ஏறவில்லை. கோல்சிசினே அந்தத் தெளிப்புக்கு அரைகுறையாகத்தான் மசியும் என்பதால் நான் கவலைப்படவில்லை. நிறமாலை எடுத்துப் பார்த்தால், கோல்சிசினின் மேட்டுக்குப் பக்கத்திலேயே இதற்கும் ஒரு மேடு. புது ஆல்கலாய்டு என்று எனக்கும் என் வழிகாட்டிக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. என் பட்டம் முழுவதும் அந்த ஒரு புள்ளியை நம்பி நின்றது. கல்யாணமும்தான். "என்ற தங்கச்சி புதுசா ஒன்னு கண்டுபுடிச்சிருக்குதுங்க, முடிச்சுட்டு வரட்டுங்க" என்று அண்ணன் மாப்பிள்ளை வீட்டாரை நிறுத்தி வைத்திருந்தார்.

மாதக்கணக்கில் பிரித்துச் சேர்த்த சிட்டிகைத் தூளைச் சோடியத்தோடு உருக்கிச் சோதித்தேன். கந்தகம் இருப்பதாகக் காட்டியது. இந்தக் கிழங்கின் ஆல்கலாய்டில் கந்தகத்துக்கு என்ன வேலை? கடைசியில் எரிச்சலில், கிழங்கே இல்லாமல் வெறும் துணியை மெத்தனாலில் ஊறவைத்துத் தட்டில் ஏற்றிப் பார்த்தேன். அதே உயரத்தில் அதே நீலம். சலவையில் பனியனுக்கு வெண்மை கூட்டப் போடும் மருந்து அது; கந்தகமும் அதனுடையதுதான். அழுகைகூட வரவில்லை. உட்கார ஒரு ஸ்டூலைத்தான் தேடினேன்.

சனிக்கிழமை ஊருக்குப் போனபோது அண்ணன் புது மூட்டையோடு காத்திருந்தார்.

"இருக்கறதுலயே வெள்ளையாப் பார்த்துப் பொறுக்கி வெச்சேன் அம்மிணி. உனக்குன்னா எப்பவும் அப்படித்தான். படிக்கற புள்ளைக்கு அழுக்குத் துணியவா குடுக்கறது?"

"இனிமே சலவைக்குப் போகாத துணியாக் குடுங்ணா."

"அது மெஷின் தொடைக்கறதாச்சே கண்ணு!" என்று சிரித்தார். "உன்ற மருந்துக்குப் பேரு வெச்சாச்சா? மாப்பிள்ளை ஊட்ல கேக்கறாங்க."

"அவங்களக் காத்திருக்க வேண்டாம்னு சொல்லிருங்ணா. மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டார்.

"கிழங்கு சரியில்லீங்ணா" என்று சொல்லிவிட்டு, மூட்டையை வாங்கிக்கொண்டேன்.