கல்லு சார் வதக்கிய கொய்யா

போன மாசம் கொல்லிமலையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். காலையில் மரத்தடியில் நெருப்பு மூட்டி, வாழைப்பழத்தையும் அன்னாசியையும் வாட்டி, மேலே பட்டைத்தூள் தூவி, "ஹெல்தி பிரேக்ஃபாஸ்ட் மேடம்" என்று நீட்டினார்கள். என் வீட்டுக்காரர் ரசித்துச் சாப்பிட்டார். எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே ஆத்திரம் வந்தது; தட்டைத் தள்ளி வைத்தேன். "பழம் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். பழம் ஒரு பாவமும் பண்ணவில்லை. நீங்களே கேளுங்கள்.

தொண்ணூற்றெட்டு வாக்கில், விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் கொய்யாக் கொல்லை இருந்தது. சோறு போட்டது அது ஒன்றுதான். நான் ஒன்பதாவது படித்தேன். பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்க, ஏதோ கம்பெனியிலிருந்து ஜீப்பில் ஒரு சார் வந்தார். அப்பாவிடம் கேட்டுக்கொண்டு எங்கள் வரப்போரமாகவே கூடாரம் அடித்தார். ஊரில் அவருக்குக் கல்லு சார் என்றே பேர் விழுந்துவிட்டது.

காலையில் எண்ணெய்ப் பலகாரம் உடம்புக்கு ஆகாதாம் அவருக்கு. மூன்று கல்லைக் கூட்டி, பருத்திச் செடியின் காய்ந்த மாரை எரித்து, இரும்புச் சட்டியில் கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் எல்லாம் நறுக்கிப் போடுவார். சுக்கு, மிளகு, ஏலம் தட்டிப் போட்டு, கொஞ்சம் வெல்லம் கிள்ளிப் போட்டுக் கிளறுவார். "பழத்தப் போயி யாராச்சும் வதக்குவாங்களா? நல்லவேள, கருவேப்பில தாளிக்கல" என்று அம்மா சிரிக்கும். ஆனாலும் தினமும் நல்ல பழமாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பும். கொண்டுபோய்க் கொடுப்பது நான். ருசியா? பொய் சொல்வானேன், தேவாமிர்தம். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினாலும் சட்டியை வழித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேணி வெட்டும்போது வெள்ளைக் கல் தட்டுப்பட்டால் வெட்டுவதை அதோடு நிறுத்திவிட்டு, முள்ளை வெட்டி மேலே போட்டு, வாயை மூடிக்கொள்வார்கள். எங்கள் கொல்லையிலும் அப்படி ஒரு பாதிக் கேணி கிடந்தது. "கல்லு இருக்குன்னு தெரிஞ்சா கொல்லய விட மாட்டானுவ. மூச்சு விடப்புடாது" என்று அப்பா எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்.

அந்தக் கேணி மண்ணில் நான் ஒரு கல் நத்தை, எந்தக் காலத்திலோ செத்துக் கல்லாகிப்போன நத்தை, எடுத்து வைத்திருந்தேன். பெருமை தாங்காமல் அதைச் சாரிடம் காட்டித் தொலைத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் தட்டில் இன்னொரு கரண்டி பழம் வைத்தார். "இது கெடச்ச எடத்தக் காட்டும்மா. மியூசியத்துல உன் பேரு போட்டு வெக்கச் சொல்றேன்" என்றார்.

என் பேர்! அவ்வளவுதான், முன்னால் ஓடிப்போய் முள்ளை நானே இழுத்துப் போட்டேன். கையில் நாலு இடத்தில் கீறல். அப்புறம்தான் பயம் வந்தது. "அப்பாகிட்ட சொல்லிறாதீங்க சார்."

"சேச்சே. உங்க கொல்லய யாரும் தொட மாட்டாங்க. நான் இருக்கேன்ல?"

கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போனவர், நத்தையையும் கொண்டுபோனார். சில மாசம் கழித்து, நிலத்தைக் கேட்டுக் கம்பெனியிலிருந்து அப்பா பேருக்குக் கடிதம் வந்தது. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று கதைகளில் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே உண்டவன் செய்தான்.

அப்பாவுக்கு அப்போதும் சந்தேகமே இல்லை. "நம்ம சாரு இருக்காரு, போயி சொன்னா நிறுத்திருவாரு" என்று, கொய்யாவை ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு, கடிதத்தைப் படித்துக் காட்ட என்னையும் கூட்டிக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறினார்.

ஆபீஸில் சார் நிமிர்ந்து பார்த்தார். "யாருங்க? எந்த ஊரு?"

"எங்க கொல்லயிலதாங்க சார் தங்கியிருந்தீங்க. காலையில பழம் வதக்குவீங்களே..."

"எத்தனையோ ஊர்ல தங்குறோம். ஞாபகம் இல்லீங்க." கண் பேப்பருக்குப் போய்விட்டது. பிறகு, தலையைத் தூக்காமலே என்னிடம் சொன்னார்: "அப்பாவ கூட்டிட்டுப் போம்மா. பத்தாவது வந்துட்டல்ல, ஒழுங்காப் படி."

நான் என்ன படிக்கிறேன் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

அப்பா அதைக் கவனிக்கவில்லை. பையை மேசையோரம் வைத்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே வெளியே வந்தார். "பாவம், ஊர் ஊரா அலையிறவரு. நம்மள எப்படி பாப்பா ஞாபகம் இருக்கும்?" என்றார் பஸ்ஸில். அந்த ஆளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. கத்தினால் கேணியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

கொல்லை இருந்த இடத்தில் இப்போது பனைமர ஆழத்துக்குப் பள்ளம். அந்த ஆளை நான் மன்னிக்கவே இல்லை. அப்பா என்னை மன்னித்திருப்பாரோ என்னவோ, உண்மையைச் சொல்லி அதைக் கேட்கத் தைரியம் வருவதற்குள் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.