பரவால்ல என்ற ஒரே பதில்

என் வீட்டுக்காரரிடம் எதைக் கேட்டாலும் "பரவால்ல" என்பார். குழம்பு எப்படி என்றால் பரவால்ல. சிப்காட் தொழிற்பேட்டையில் ஃபிட்டர் வேலை. கட்டைவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் சொட்ட வந்து நின்றபோதும் பரவால்ல. மூன்று மாதம் இருமிவிட்டு அதற்கும் அதையே சொன்னார். கடைசியில் நுரையீரலில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்து, சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து எடுக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர் மஞ்சக்குப்பத்துக்கும் சிதம்பரத்துக்கும் பஸ்ஸில் அலைந்து அலைந்து, ஆபரேஷனுக்கு முன்பே எனக்கு அலுத்துப்போயிருந்தது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மயக்க மருந்து டாக்டரம்மா வந்து பொறுமையாகச் சொன்னார். முதுகில் நூல் மாதிரி ஒரு டியூப் வைத்து, அதன் வழியாகச் சிறிது சிறிதாக மருந்து விடுவார்களாம். வலி இல்லாதிருந்தால்தான் நன்றாக மூச்சிழுத்து, இருமி, சளியைத் துப்ப முடியும்; இல்லையென்றால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும்.

"ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேம்மா. பிரஷர் எறங்கலாம். ரொம்ப அபூர்வமா, உள்ள ரத்தம் கட்டி நரம்ப அழுத்தும். அதனால காலு மரத்துப்போனாலும் கனத்தாலும் ஒடனே சொல்லணும். அப்புறம் பாத்துக்கலாம்னு இருக்கவே கூடாது."

கூட இருந்த நாத்தனார் குதித்தார். "முதுகுல ஊசியா? வேணவே வேணாம். எனக்கு ரெண்டாவது பிரசவத்துல போட்டது, இன்னிக்கும் குனிய முடியல. என் தம்பிக்கு காலு போயிடுச்சுன்னா நீயா தூக்கிச் சொமப்ப?"

வீட்டுக்காரரைக் கேட்டேன். "நீ சொல்றதுதான். எதுன்னாலும் பரவால்ல" என்றார். நான் சரி என்றேன். சம்மதத் தாளில் அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நன்றாகவே இருமினார். சிஸ்டர் வரும்போதெல்லாம், "வலி பத்துக்கு எவ்ளோ?" என்பார். "பரவால்ல." "காலு?" "பரவால்ல." தூக்கச் சொன்னால் இரண்டு காலையும் தூக்கியும் காட்டினார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அதற்கடுத்த நாள் மதியம் ஈரத்துணியால் அவர் காலைத் துடைத்தேன். அந்த மனுஷனுக்குப் பாதத்தைத் தொட்டால் அப்படிக் கூசும். ஒரு பெரிய வியாழனன்று, இயேசு சீடர்கள் காலைக் கழுவிய நினைவாக, மாதா கோயிலில் பாதம் கழுவ உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் இவரும் ஒருவர். பங்குச் சாமியார் தொட்டதும் காலை வெடுக்கென்று இழுத்துத் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்தார். ஊரே சிரித்தது. இப்போது வலது பாதம் அசையவில்லை. நகத்தால் கீறினேன். சும்மா படுத்திருந்தார்.

"ஏங்க, இந்தக் காலைத் தூக்குங்க."

"தூக்கிட்டேனே."

கால் மெத்தையிலேயே கிடந்தது.

"காலையிலேர்ந்து கனமாதான் இருந்துது. பரவால்லன்னு விட்டுட்டேன்."

"உங்க பரவால்லையில மண்ணைப் போட!" என்று கத்திவிட்டு, செருப்புகூடப் போடாமல் சிஸ்டரிடம் ஓடினேன்.

டாக்டரம்மா வந்து உடனே மருந்தை நிறுத்தினார். "மருந்து ஜாஸ்தியானதாலன்னா கொஞ்ச நேரத்துல காலு திரும்பிடும். திரும்பலன்னா ஸ்கேன் எடுக்கணும். ரத்தம் கட்டியிருந்தா அவசரமா ஆபரேஷன். இப்பவே சொன்னது நல்லதாப்போச்சு" என்றார். ஸ்கேனுக்கும் சொல்லி வைத்துவிட்டு, அவரே அடிக்கடி வந்து காலைக் குத்திப் பார்த்தார்.

நாத்தனார் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலை. எங்கள் வீடு மாடியில். இருபத்தொரு படி. அவரை எப்படி ஏற்றுவேன், கையெழுத்துப் போட்ட இந்தக் கையை எங்கே கொண்டு வைப்பேன், மாதாவே. அவர் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு கீறுவேன், நிறுத்துவேன், மறுபடி கீறுவேன்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரம். பெருவிரல் லேசாக மடங்கியது. என் கண்ணை நானே நம்பவில்லை. இன்னொரு தரம் கீறினேன். கால் விசுக்கென்று என் மடியிலிருந்து போய்விட்டது.

"விடுடி, கூசுது" என்றார். மருந்தின் வேகம் இறங்கியிருந்தது. முகம் கோணி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ… வலிக்குதுடி."

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. சிஸ்டர் ஓடிவந்து, "பத்துக்கு எவ்ளோ சார்?" என்றார். நான் அவர் வாயையே பார்த்தேன்.

"பத்து" என்றார். நான் ஓவென்று அழுதுவிட்டேன்.