ஏனுங்க என்றொரு மனு

பொற்கொடி யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. மார்க்கெட்டில் ஒரு கிலோ தக்காளி வாங்கினாலும் வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை நிறுத்துப் பார்ப்பாள். அன்னூர்ப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுத்த குடும்பம். எடை போடும் இடத்தில் அப்பா ஐயாசாமி ஏமாந்ததையெல்லாம் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டவள். பதினேழு வயதில் சிங்காநல்லூர்ப் பக்கம் மில் வேலைக்கு வந்தாள். மில்லை மூடிவிட்டார்கள். இப்போது ஒரு பம்புசெட் பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறாள். சுற்று எண்ணிக்கை தப்பினால் மோட்டார் கருகிவிடும். அவள் சுற்றியது ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை. சந்தேகப்பட்டே சோறு தின்கிறவள் என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்டவள் முழுசாக நம்பியது ஒரே ஒருத்தியை, எதிர்வீட்டு வெங்கடலட்சுமியை. பொற்கொடி கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பதினோரு நாள் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தவள் அவள். வீட்டுச் சாவி அவளிடம்தான் இருக்கும். பன்னிரண்டு வருடப் பழக்கம்.

போன சித்திரையில் தெருக்குழாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில், சாக்கடை நாற்றத்தோடு வந்தது. வார்டு ஆபீசில் சொன்னால், "பாக்கறோமுங்க" என்ற அந்தப் பழைய பாட்டுதான். பொற்கொடி ஒன்பது நாள் காலையில் அதே வெள்ளை பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, தேதி சொல்லி, போனில் வீடியோ எடுத்தாள். ஒன்பதையும் சேர்த்து ஃபேஸ்புக்கில் போட்டாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். மூன்றாம் நாளே ஜீப் வந்து நின்றது, குழாயைத் தோண்ட ஆட்கள் இறங்கினார்கள்.

அந்த வாரம்தான் வெங்கடலட்சுமியின் மகன் சாய்குமார் வாசலில் வந்து நின்றான். வார்டு ஆபீசில் ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன்.

"சித்தி, பக்கெட்டுக்குப் பின்னால எங்கூட்டு வாசல் தெரியுதுங்க. அதைய மட்டும் மறைச்சுப் போடுங்களேன். ஆபீசுல ஒரு மாதிரி பாக்கறாங்க."

"பாக்கலாம் கண்ணு," என்றாள். மறைக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை வீடியோவைக் காணோம். 'சட்டப்படியான கோரிக்கையின் பேரில் இந்தப் பதிவு இந்தியாவில் காட்டப்படுவதில்லை' என்று ஒரு வரி இருந்தது. மில்லில் கூட வேலை பார்த்த ஷாநவாஸ் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டு, "இங்க நல்லாத் தெரியுதே பொற்கொடி!" என்றான். அவள் தெருத் தண்ணீரைப் பாலைவனத்தில் இருக்கிறவன் பார்க்கலாம், அதைக் குடிக்கிறவள் பார்க்கக்கூடாது. என்ன நியாயமோ! ஜீப்பும் போனது, ஆட்களும் போனார்கள், தோண்டிய குழி மட்டும் அப்படியே கிடந்தது.

கோரிக்கை என்றால் யாரோ கேட்டிருக்க வேண்டும். யார்? அவள் மனம் எதிர்வீட்டைத் தாண்டி ஓர் அடி நகரவில்லை. சாய்குமார் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தினாள். வெங்கடலட்சுமியிடம் கேட்டுவிடலாம்தான். அவள் இல்லை என்று சொன்னால் அதை எந்தத் தராசில் நிறுப்பது? சாவியை இப்போது பையிலேயே போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனாள். கேட்பாரிடமெல்லாம், "ஆருன்னு தெரியாம உடமாட்டேன்" என்றாள். அந்தப் பேச்சு எதிர்வீட்டுக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்?

தகவல் உரிமைச் சட்டத்தில் வார்டு ஆபீசிலேயே கேட்டால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்று ஜெராக்ஸ் கடை அக்ஷிதா சொன்னாள். பொற்கொடிக்குப் படிக்க வரும், எழுத அவ்வளவாக வராது. போனிடம் வாயால் சொன்னாள், அது எழுதிக்கொண்டது: 'ஏனுங்க, என்ர வீடியோவை மறைக்கச் சொல்லி உங்க ஆபீசுக்கு லெட்டர் குடுத்தது ஆருங்க?' அக்ஷிதா கூட்டத்தில் அதைப் படித்துப் பார்க்காமலே அச்செடுத்துக் கொடுத்தாள்.

முப்பதாம் நாள் பதில் வந்தது. 'மனுதாரர் "ஏன்" எனக் காரணம் கோரியுள்ளார். காரணமும் விளக்கமும் தகவல் என்ற வரையறைக்குள் வாரா. மனு முடித்து வைக்கப்படுகிறது.'

அக்ஷிதா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பொற்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. "மருவாதையா ஏனுங்கன்னு கூப்பிட்டா, அதையுங் கேள்வின்னு எடுத்துக்குவாங்களா? கூப்பிட்டதுக்கே பதில் இல்லீன்னுட்டாங்களே!" ஆபீசில் இருப்பவனுக்கும் இது இந்த ஊர்ப் பேச்சு என்று தெரியாமலா இருக்கும்? வேண்டுமென்றே செய்திருக்கிறான். எதிர்வீட்டுக்காரன் பேரை மறைக்கத்தான் செய்திருக்கிறான். இப்படி ஓடியது அவள் புத்தி.

மேல்முறையீட்டை அக்ஷிதாவே எழுதினாள். ஏனுங்க இல்லை, ஆருங்க இல்லை, மொட மொடவென்று கஞ்சி போட்ட தமிழ். இன்னும் ஒரு மாதம். பதில் ஒரே வரியில் வந்தது: 'கோரப்பட்ட விவரம் இரகசியத்தன்மை கொண்டது, வழங்க இயலாது.'

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெங்கடலட்சுமி கதவைத் தட்டினாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. ஆள் இளைத்துப்போயிருந்தாள். கையில் ஒரு தாள்.

"நீ வாயத் தொறந்து கேக்கலீன்னாலும் எனக்குத் தெரியாதா அம்மணி? நானும் மனுப் போட்டேன். எம்பையன் பேரு அதுல இருக்குதா இல்லியான்னு மட்டுந்தான் கேட்டேன். ஒத்த வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். இந்தா, நீயே படி."

பொற்கொடி வாங்கிப் படித்தாள். கோரப்பட்ட விவரம் இரகசியத்தன்மை கொண்டது, வழங்க இயலாது. அதே வரி, அதே முத்திரை, பேர் மட்டும் வேறு. இந்த வயதில், கூட்டத்தோடு கூட்டமாக நின்று, தன் மகன் குற்றம் செய்யவில்லை என்று ஒரு காகிதம் வாங்கப் போயிருக்கிறாள் இவள். எனக்காகப் போயிருக்கிறாள். பொற்கொடிக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுருங்கக்கா" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"மனுவை சாய்குமாரா எழுதிக் குடுத்தான்?" என்று வந்தது.

வந்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. வெங்கடலட்சுமி தாளை வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பன்னிரண்டு வருடத்தில் இந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் வாரேன் அம்மணி என்று சொல்லிவிட்டுப் போகிறவள், படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"போறேன்," என்றாள்.